வளர்ந்துகொண்டே போன குடும்ப வேன்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டெட்ராய்ட் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது விண்ட்சர் நகரம். எதிர்க்கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட். 1983 நவம்பர் 2 அன்று, விண்ட்சரில் உள்ள கிரைஸ்லர் ஆலையில் ஒரு புதுவகை வண்டியின் தயாரிப்பு தொடங்கியது. டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்று இரண்டு பெயர்களில் விற்பனைக்கு வந்த அந்த வண்டியைத்தான் அமெரிக்கக் குடும்பங்கள் மினிவேன் என்று அழைக்கத் தொடங்கின. அதன் நீளம் 4.47 மீட்டர், அகலம் 1.77 மீட்டர், எடை 1,300 கிலோ சொச்சம். கூடுதல் இருக்கை போட்டுக்கொண்டால் ஏழு பேர் போகலாம்.

அதே ஆலையிலிருந்து 2016-ல் வெளிவந்தது கிரைஸ்லர் பசிபிகா. முதல் மினிவேனின் நேரடி வாரிசு. அதன் நீளம் 5.18 மீட்டர், அகலம் 2.02 மீட்டர், எடை 1,960 கிலோவுக்கு மேல். இதிலும் ஏழு பேர் போகலாம், நடுவில் ஒரு இருக்கை சேர்த்தால் எட்டுப் பேர்.

முப்பத்துமூன்று ஆண்டுகளில் வண்டி 70 சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது, 25 சென்டிமீட்டர் அகன்றிருக்கிறது, 600 கிலோவுக்கு மேல் எடை கூடியிருக்கிறது. தரையில் அது அடைக்கும் இடம் ஏறத்தாழ 7.9 சதுர மீட்டரிலிருந்து 10.5 சதுர மீட்டராகிவிட்டது. அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆனால் ஏற்றிச்செல்லும் மனிதர்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. இதே காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் சுருங்கின. 1980-ல் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 2.75 பேர் இருந்தார்கள். 2020-ல் அது சுமார் 2.5. பிறகு வண்டி ஏன் வளர்ந்தது?

இதற்கு ஒரே காரணம் கிடையாது. இயற்பியல், சட்டம், வியாபாரப் போட்டி, குழந்தைகளின் பாதுகாப்பு எனப் பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். எல்லாம் சேர்ந்தபோது வந்த மொத்த அளவை யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை.

சின்னதாக இருந்ததுதான் அதன் பலம்

அறுபது, எழுபதுகளில் அமெரிக்காவில் பெரிய குடும்பம் பயணம் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நீண்ட ஸ்டேஷன் வேகன் கார். இன்னொன்று, சரக்கு வண்டியின் சட்டகத்தில் கட்டிய பெரிய வேன். முதலாவதில் நிமிர்ந்து உட்கார இடமில்லை. இரண்டாவது வீட்டு கராஜுக்குள் நுழையாது, ஓட்டுவதும் லாரி ஓட்டுவதுபோல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி வேண்டும் என்ற யோசனையை ஃபோர்டு நிறுவனத்திலேயே முன்வைத்தவர் ஹால் ஸ்பெர்லிக். நிறுவனத் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு அதற்கு இசையவில்லை. ஸ்பெர்லிக் கிரைஸ்லருக்குப் போனார். 1978-ல் ஃபோர்டிலிருந்து நீக்கப்பட்ட லீ ஐயக்கோக்காவும் அங்கே வந்து சேர்ந்தார். அப்போது கிரைஸ்லர் திவாலாகும் நிலையில் இருந்தது. அமெரிக்க அரசு 150 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்துதான் அது பிழைத்தது. அந்த நெருக்கடிக்குள்ளிருந்து பிறந்தது மினிவேன்.

அதன் தொழில்நுட்ப ரகசியம் முன்சக்கர இயக்கம். பழைய பாணி வண்டியில் எஞ்சின் முன்னால் இருக்கும், உந்துவது பின்சக்கரங்கள். இரண்டையும் இணைக்கும் நீண்ட சுழல்தண்டு வண்டியின் அடியில் ஓடும். அதற்கு இடம்விட்டு, தரைத்தளத்தை மேலே தூக்கவேண்டும். கிரைஸ்லர் தன்னுடைய சிறிய கே-கார்களுக்காக உருவாக்கியிருந்த பாகங்களை எடுத்து, எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களையே இயக்கியது. சுழல்தண்டு போய்விட்டது, தளம் தாழ்வாகவும் தட்டையாகவும் அமைந்தது. புடவையோ பாவாடையோ கட்டியவர்கள்கூட ஏணிபோல் ஏறாமல் இயல்பாக உள்ளே காலெடுத்து வைக்கலாம். மொத்த உயரம் 1.64 மீட்டர்தான் என்பதால் வீட்டுக் கராஜின் கதவு இடிக்காது. 2.2 லிட்டர் எஞ்சினின் சக்தி சுமார் 100 குதிரைத்திறன். வேகம் குறைவு என்று யாரும் பெரிதாகக் குறைசொல்லவில்லை. முதல் ஆண்டிலேயே சுமார் 2 லட்சம் வண்டிகள் விற்றன. கிரைஸ்லர் நிமிர்ந்தது.

கொஞ்சம் நீட்டினால் என்ன?

ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் அந்த வண்டியில் டிக்கி என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. மூன்றாம் வரிசைக்கும் பின்கதவுக்கும் நடுவே பைகளைச் செருகத்தான் இடம். ஏழு பேர் போகும்போதுதானே மூட்டை முடிச்சும் அதிகம் இருக்கும்? வாடிக்கையாளர்களின் இந்தக் குறை நியாயமானது. கிரைஸ்லர் 1987-ல் நீளம் கூட்டிய கிராண்ட் கேரவனைக் கொண்டுவந்தது: 4.84 மீட்டர். எடை கூடியதால் ஆறு சிலிண்டர் வி6 எஞ்சினும் கூடவே வந்தது. 1996-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் நீள வகை சுமார் 5.07 மீட்டரானது, அகலமும் 1.95 மீட்டரைத் தொட்டது. 2008 மாடலில் குட்டை வகையையே கைவிட்டார்கள். நீட்டியதே அளவுகோலாகிவிட்டது.

இந்த நெருக்குதலை ஹோண்டாவின் கதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அதன் முதல் ஒடிஸி 1994-ல் ஜப்பானில் வெளிவந்தது. சயாமா ஆலையில் ஏற்கெனவே கார் தயாரிக்கும் அதே வரிசையில் அது ஓடவேண்டும் என்பதால் அளவு கட்டுக்குள் இருந்தது. நீளம் 4.75 மீட்டர், அகலம் 1.77 மீட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின், சாதாரணக் காரில் இருப்பதுபோல் திறக்கும் நான்கு கதவுகள். ஜப்பானில் நன்றாக ஓடியது. அமெரிக்காவில் எடுபடவில்லை, அங்கே போட்டி வண்டிகள் அதைவிடப் பெரிதாக இருந்தன. ஹோண்டா அமெரிக்கச் சந்தைக்கென்றே தனியாக ஒரு ஒடிஸியை வடிவமைத்தது. 1999 மாடலாக வந்த அதன் நீளம் 5.11 மீட்டர், அகலம் 1.92 மீட்டர், 3.5 லிட்டர் வி6 எஞ்சின், இருபுறமும் நகர்கதவுகள். விற்பனை ஏறியது. ஜப்பானில் அதே பெயரில் விற்ற வண்டி 4.8 மீட்டரை ஒட்டியே நின்றது. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே காலம். இரண்டு நாடுகளில் இரண்டு அளவுகள்.

டொயோட்டாவும் இதே வழியில்தான் போனது. அதன் சியன்னா 1998-ல் 4.92 மீட்டர், 2004-ல் 5.08 மீட்டர், 2021-ல் 5.17 மீட்டர்.

குழந்தை இருக்கை கேட்ட இடம்

குடும்பம் சுருங்கினாலும் ஒவ்வொருவருக்கும் தேவைப்பட்ட இடம் கூடியது. குறிப்பாகக் குழந்தைகளுக்கு. எழுபதுகள்வரை அமெரிக்கக் குழந்தைகள் பின்னிருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் டிக்கியில் உருண்டுகொண்டு வந்தார்கள். குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்ற சட்டம் முதன்முதலாக 1978-ல் டென்னசி மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. 1985-க்குள் எல்லா மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

ஒரு பாதுகாப்பு இருக்கையின் அகலம் சுமார் 45 சென்டிமீட்டர். மூன்று குழந்தைகளை ஒரே வரிசையில் உட்காரவைக்க 1.35 மீட்டர் வேண்டும். நடுவே கைவிட்டு வாரைப் பூட்டவும் கொஞ்சம் இடம் வேண்டும். சாதாரணக் காரின் பின்னிருக்கையில் இது எளிதில் நடக்காது. கைக்குழந்தைகளின் இருக்கை பின்னோக்கிப் பார்த்தபடி சாய்ந்திருக்கவேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. மோதலின்போது குழந்தையின் கனமான தலையை மெல்லிய கழுத்து தனியாகத் தாங்க வேண்டியிருக்காது. முதுகு முழுவதும் இருக்கையில் பதிந்து விசையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் அப்படிச் சாய்த்து வைத்தால் அது முன்னிருக்கையை முட்டும். அதற்கும் நீளம் வேண்டும்.

பெரியவர்களும் பெருத்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க ஆணின் சராசரி எடை சுமார் 75 கிலோ. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சுமார் 90 கிலோ. தோளுக்குத் தோள் இடிக்காமல் உட்காரத் தேவையான அகலமும் சேர்ந்து கூடியது.

இருக்கைகளை மடக்கித் தரைக்குள் மறைக்கும் ஏற்பாடு இன்னொரு கதை. முதல் மினிவேன்களில் இருக்கை வேண்டாமென்றால் கழற்றி இறக்கவேண்டும். ஒரு பெஞ்சைத் தூக்க இரண்டு ஆள் தேவை. கிரைஸ்லர் 2005 மாடலில் நடுவரிசை இருக்கைகளும் தரைக்குள் மடங்கிப்போகும் முறையைக் கொண்டுவந்தது. நடுவரிசைக் காலடியில் இரண்டு ஆழமான குழிகள். இருக்கையின் தலைச்சாய்வை இறக்கி, முதுகை மடித்து, ஒரு வாரை இழுத்தால் முழு இருக்கையும் குழிக்குள் இறங்கி, மேலே மூடி தட்டையாக அமர்ந்துவிடும். அந்தக் குழிகளுக்காக வண்டியின் அடிவயிற்றையே மாற்றியமைத்தார்கள். பெட்ரோல் டாங்கி, புகைக்குழாய், ஸ்டெப்னி, கைப்பிரேக் கேபிள் எல்லாம் இடம்பெயர்ந்தன. நான்கு சக்கர இயக்கத்துக்குத் தேவையான தண்டுக்கு வழியில்லாமல் அந்த வகையே நிறுத்தப்பட்டது. இதற்கு ஆன செலவு 40 கோடி டாலர் என்று நிறுவனம் சொன்னது. பயனுள்ள கண்டுபிடிப்புதான். ஆனால் தரைக்கு அடியில் ஆழமும் அகலமும் இருந்தால்தான் இது சாத்தியம்.

மோதலின் கணக்கு

எல்லாவற்றிலும் வலுவான நியாயம் பாதுகாப்புக்கு இருக்கிறது. அமெரிக்க அரசின் நேர்மோதல் சோதனையில் வண்டி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோதவிடப்படும். அந்த வேகம் நொடிக்கு 15.6 மீட்டர். வண்டியின் மூக்கு 40 சென்டிமீட்டர் நசுங்கி அது நின்றால், உள்ளிருப்பவர் உணரும் வேகக்குறைவு சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 31 மடங்கு. அதே மூக்கு 60 சென்டிமீட்டர் நசுங்கினால் அது 21 மடங்காகக் குறையும். 20 சென்டிமீட்டர் கூடுதல் நீளம் விலா எலும்புகளையும் மூளையையும் காப்பாற்றும் வித்தியாசத்தைத் தருகிறது. எஃகை எவ்வளவு உறுதியாக்கினாலும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது; நிற்பதற்குத் தூரம் வேண்டும்.

பக்கவாட்டு மோதல் இதைவிடக் கொடியது. கதவுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. அதனால் கதவுக்குள் எஃகுத் தண்டுகள் வந்தன. பக்க ஏர்பேக்குகள் வந்தன. கதவு தடிமனானதும், உள்ளிடத்தைக் குறைக்காமலிருக்க வண்டி வெளிப்பக்கம் அகன்றது. கூரைக்கும் விதி வந்தது. கார் கூரை வண்டியின் எடையைப்போல் 1.5 மடங்கைத் தாங்கினால் போதும் என்றிருந்ததை 2009-ல் 3 மடங்காக உயர்த்தினார்கள். தூண்கள் பருத்தன.

மினிவேனுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: நகர்கதவு. 1984 மாடலில் அது ஒரு பக்கம் மட்டும் இருந்தது, 1996-லிருந்து இருபுறமும். ஒரு பெட்டியின் இரு பக்கங்களிலும் பெரிய ஓட்டை போட்டால் பெட்டி எளிதாக முறுக்கிக்கொள்ளும். அந்த நெகிழ்ச்சியை ஈடுகட்ட, தளத்திலும் கூரை ஓரத்திலும் தூண்களிலும் கூடுதல் எஃகு வைக்கவேண்டும். கதவைத் தானாகத் திறக்கும் மோட்டார், தண்டவாளம், கேபிள் எல்லாம் எடையைக் கூட்டும்.

இந்த மாற்றங்களால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எடை கூடிய வண்டி எதிரே வருபவருக்குக் கூடுதல் ஆபத்து. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் 1,350 கிலோ வண்டியின் இயக்க ஆற்றலைவிட, அதே வேகத்தில் ஓடும் பசிபிகாவின் ஆற்றல் 45 சதவீதம் அதிகம். உள்ளிருப்பவரைக் காக்கச் சேர்த்த எடை வெளியிலிருப்பவர்மேல் மோதுகிறது. அந்தப் பயத்தில் அவரும் பெரிய வண்டி தேடிப் போகிறார்.

எடை எடையைப் பெருக்கும்

ஒரு வண்டியில் 100 கிலோ கூடினால் விஷயம் அத்துடன் முடியாது. கூடுதல் எடையை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். அதைத் தாங்க உறுதியான சஸ்பென்ஷன் வேண்டும், அகலமான டயர் வேண்டும். பழைய வேகம் குறையாமலிருக்கப் பெரிய எஞ்சின், அதற்குப் பெரிய ரேடியேட்டர், போதிய தூரம் ஓடப் பெரிய பெட்ரோல் டாங்கி. இவையெல்லாம் சேர்ந்து இன்னும் எடை ஏற்றும். கடன் வட்டியோடு வளர்வதுபோல, முதலில் சேர்த்த ஒவ்வொரு கிலோவும் பின்னால் தன் பங்குக்கு இன்னொரு அரைக் கிலோவையோ அதற்கு மேலோ கூட்டிக்கொண்டு வரும். வாகனப் பொறியாளர்கள் நன்கறிந்த சுழல் இது.

எஞ்சினும் இந்தச் சுழலில் சிக்கியது. 1984-ல் 100 குதிரைத்திறன், பசிபிகாவில் 287. எடை ஒன்றரை மடங்கு ஆகும்போது சக்தி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கூடுதல் எடையை இழுக்க மட்டும் இவ்வளவு தேவையில்லை. விரைந்து சீறும் வேகமும் சேர்த்தே விற்கப்பட்டது.

காற்றின் கணக்கும் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் எரிபொருளை அதிகம் தின்பது காற்றின் எதிர்ப்பு. அது இரண்டு காரணிகளைப் பொறுத்தது: வண்டியின் முகப்புப் பரப்பு, வடிவத்தின் வழவழப்பைக் குறிக்கும் இழுவை எண். எண்பதுகளின் பெட்டி வடிவ வேன்களில் இழுவை எண் 0.4-க்கு மேல் இருந்தது. பசிபிகாவில் பொறியாளர்கள் அதை 0.30-க்குக் கொண்டுவந்தார்கள். பெரிய சாதனை. ஆனால் அகலமும் உயரமும் கூடியதால் முகப்புப் பரப்பு ஏறத்தாழ 24 சதவீதம் கூடியிருந்தது. வழவழப்பில் சம்பாதித்ததில் பெரும்பகுதியை உருவம் விழுங்கிவிட்டது.

சட்டம் காட்டிய வழி

1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975-ல் அமெரிக்கா வண்டிகளுக்கு மைலேஜ் விதி கொண்டுவந்தது. 1985-க்குள் கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு 27.5 மைல் ஓடவேண்டும். அதாவது லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர். இலகு லாரிகளுக்கோ சுமார் 20 மைல் போதும் என்று தனிச் சலுகை. விவசாயிகளும் சிறுதொழில் செய்பவர்களும் பாதிக்கப்படக்கூடாது என்பது நோக்கம்.

எது லாரி? விதியில் ஒரு வாசகம் இருந்தது: இருக்கைகளை எடுத்துவிட்டால் சரக்கு வைக்கத் தட்டையான தளம் கிடைக்கவேண்டும். மினிவேனில் பின் இருக்கைகளைக் கழற்றினால் தட்டைத் தளம் கிடைத்தது. பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வண்டி, சட்டத்தின் கண்ணில் லாரியாகிவிட்டது. கார்களுக்கான பல பாதுகாப்பு விதிகளும் இதற்குத் தாமதமாகத்தான் வந்தன. முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம் என்ற விதி கார்களுக்கு 1998 மாடலிலும், லாரி வகைக்கு 1999 மாடலிலும் நடைமுறைக்கு வந்தது.

பின்னர் மைலேஜ் இலக்கை வண்டியின் அடித்தடத்தோடு இணைத்தார்கள். முன்-பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தையும் இட-வலச் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தையும் பெருக்கினால் வருவது அடித்தடம். அடித்தடம் பெரிதானால் இலக்கு தளரும். பெரிய வண்டி தயாரிப்பவர்களை மட்டும் தண்டிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி இது. வண்டிகளைப் பெரிதாக்க இது ஊக்கம் தரும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

வளர்ச்சி எங்கே நின்றது?

மினிவேன்களின் வளர்ச்சி அண்மைக் காலத்தில் ஏறத்தாழ நின்றுவிட்டது. 2008 மாடல் கிராண்ட் கேரவனின் நீளம் 5.14 மீட்டர், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய மாடலான பசிபிகா 5.18 மீட்டர். இன்று அமெரிக்காவில் விற்கும் பசிபிகா, ஒடிஸி, சியன்னா, கியா கார்னிவல் நான்கையும் வரிசையாக நிறுத்தினால் எல்லாம் 5.15 முதல் 5.21 மீட்டருக்குள் அடங்கும். நான்கு நிறுவனங்களும் ஒரே கோட்டில் வந்து நிற்கக் காரணம் இருக்கிறது. அங்கே வழக்கமான வண்டி நிறுத்துமிடத்தின் நீளம் சுமார் 5.5 மீட்டர், பல வீட்டுக் கராஜுகளும் அதை ஒட்டிய அளவிலேயே கட்டப்பட்டன. அதற்குமேல் வளர்ந்தால் கதவு மூடாது.

அகலத்துக்கும் ஒரு வேலி இருக்கிறது. அமெரிக்க விதிப்படி 80 அங்குலம், அதாவது 2.03 மீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான வண்டிகள் கூரை ஓரத்தில் லாரிகளைப்போல் தனி அடையாள விளக்குகள் பொருத்தவேண்டும். பசிபிகாவின் அகலம் 79.6 அங்குலம். ஒடிஸியும் சியன்னாவும் கார்னிவலும் 78.5 அங்குலம். கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

ஜப்பானில் வேலி இன்னும் நெருக்கமானது. 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 2 லிட்டர் எஞ்சின் ஆகியவற்றுக்குள் அடங்கினால் அது சிறிய வண்டி வகை. 2003-ல் வந்த டொயோட்டாவின் மூன்று வரிசைச் சியன்டாவின் அகலம் 1.695 மீட்டர். இருபது ஆண்டுகளில் அதன் நீளம் 16 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. அகலம் இன்றும் அதே 1.695 மீட்டர்தான்.

இந்தியாவின் வேலி 4 மீட்டர். 2006 நிதிநிலை அறிக்கையில், 4 மீட்டருக்கு உட்பட்ட சிறு எஞ்சின் கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அத்தகைய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பெரியவற்றுக்கு 40 சதவீதம். இந்தக் கோட்டுக்குள் ஏழு பேரை அடக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் நம் காஞ்சிபுரம் பக்கத்து ஒரகடத்தில் தயாராகிறது. 2019-ல் அறிமுகமான ரெனோ டிரைபரின் நீளம் 3.99 மீட்டர், எடை ஒரு டன்னுக்கும் குறைவு, 1 லிட்டர் எஞ்சின், மூன்று வரிசை. மூன்றாம் வரிசை இருக்கைகளைக் கழற்றினால் 625 லிட்டர் சாமான் வைக்கலாம். ஏழு பேரும் ஏறினால் டிக்கியில் 84 லிட்டர்தான் மிஞ்சும். கடைசி வரிசையில் வளர்ந்த ஒருவர் மதுரைவரை போனால் முழங்கால் வலிக்கும். மோதலில் பசிபிகாவுக்கு இணையான காப்பும் இதில் கிடையாது. ஆனால் பசிபிகாவைவிட 1.2 மீட்டர் குட்டையான வண்டியில் ஏழு இருக்கைகளை அடக்க முடியும் என்பதை இது நிரூபித்திருக்கிறது. கோடு கிழித்தால் பொறியாளர் அதற்குள் வழி கண்டுபிடிப்பார். கோடு இல்லையென்றால் வண்டி வளரும்.

அடுத்த முறை வண்டி வாங்கும்போது

மினிவேனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அமெரிக்காவில் அதன் விற்பனை 2000-ம் ஆண்டுவாக்கில் 13 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. பின்னர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. வாங்குபவர்கள் போன இடம் எஸ்யூவி. செவ்ரோலெட் சபர்பன் 5.7 மீட்டர் நீளம். உயரமான தளம், நிமிர்ந்த பானட், அதே ஏழு எட்டுப் பேர். தாழ்ந்த தளமும் சரிந்த முகப்பும் கொண்ட மினிவேன் இன்றும் குடும்பத்தை ஏற்றிச்செல்ல அதைவிடப் புத்திசாலித்தனமான வடிவம். 2021 சியன்னா எல்லா வகைகளிலும் ஹைபிரிட் ஆனது. 5.17 மீட்டர் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது. வி6 எஞ்சின் மட்டும் உள்ள பசிபிகா சுமார் 9 கிலோமீட்டர்தான் ஓடும். தொழில்நுட்பம் தன் பங்கைச் செய்திருக்கிறது. அதே தொழில்நுட்பம் சிறிய உடலில் இருந்தால் இன்னும் அதிகம் தரும்.

இந்தியச் சாலைகளிலும் இதே பாதை தொடங்கிவிட்டது. 2005-ல் வந்த இன்னோவாவின் நீளம் சுமார் 4.56 மீட்டர், 2016-ன் கிரிஸ்டா 4.74, 2022-ன் ஹைகிராஸ் 4.76. கார்னிவலும் இங்கே விற்கிறது. நம் தெருக்கள் இந்த இருபது ஆண்டுகளில் ஒரு அங்குலம்கூட அகலமாகவில்லை.

இரண்டு காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. முதலாவது அரசுக்கு: நீளத்துக்குக் கோடு கிழித்ததுபோல் எடைக்கும் வரி வைக்கலாம். பிரான்ஸ் 2022 முதல் கனமான கார்களுக்கு எடை வரி வசூலிக்கிறது. இரண்டாவது, வாங்கும் குடும்பத்துக்கு. ஷோரூமுக்குப் போகும் முன், ஆண்டில் எத்தனை நாள் ஏழு பேர் சேர்ந்து பயணம் போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று குழந்தைகளும் தாத்தா பாட்டியும் தினமும் ஏறும் வீட்டுக்குப் பெரிய வண்டி தேவை. அதை யாரும் குறைசொல்ல முடியாது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஏழு பேர் சேரும் வீட்டுக்கு அந்தச் சில நாட்கள் வாடகை வண்டி போதும். மீதி நாட்களில் காலி இருக்கைகளைச் சுமந்துகொண்டு ஓட எரியும் பெட்ரோலுக்கு நாம்தான் பணம் கட்டுகிறோம். தேவையை அளந்துவிட்டு வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.